சிங்கப்பூருக்குக் குடும்பத்தோடு வருகிறீர்களா? கையெழுத்துப் போடும் முன் பார்க்க வேண்டிய கணக்கு

சிங்கப்பூரில் வேலை, மாதம் 6,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று சொன்னதும் ஊரில் எல்லோரும் உடனே 70-ஆல் பெருக்குவார்கள். நாலரை லட்சம் ரூபாய்! வீட்டில் சந்தோஷம் தாங்காது. அந்தப் பெருக்கலை ஒருமுறை செய்துவிட்டு மறந்துவிடுங்கள். இங்கே வாடகை, பள்ளிக்கட்டணம், மருத்துவர் செலவு எல்லாமே வெள்ளியில்தான் போகும். ரூபாய்க் கணக்கு, மாதக் கடைசியில் மிஞ்சுவதற்கு மட்டும்தான் பொருந்தும்.

தமிழ்நாட்டிலிருந்து எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதியில், அதாவது ஈபியில், மாதம் 6,000 முதல் 9,000 வெள்ளி வரை சம்பளத்துக்குத் துணையோடும் பிள்ளையோடும் வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கம்பெனியே வீடும் பள்ளியும் பார்த்துக்கொள்கிற பெரிய பதவிக்காரர்களுக்கு இது தேவைப்படாது. நான் இந்த விஷயங்களை ஒவ்வொரு கவுன்டரிலும் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டேன், அதுவும் பெரும்பாலும் பணம் கட்டவேண்டிய நாளில். உங்களுக்காவது வரிசையாகக் கிடைக்கட்டும்.

1. ஆஃபர் லெட்டரை எழுத்தெண்ணிப் படியுங்கள்

முதலில் தேட வேண்டியது 'நிலையான மாதச் சம்பளம்' எவ்வளவு என்பதை. அடிப்படைச் சம்பளமும் மாதாமாதம் மாறாமல் வரும் படிகளும்தான் அதில் சேரும். போனஸ், கமிஷன், ஓவர்டைம் எதுவும் சேராது. பாஸ் தரும் சிங்கப்பூர் மனிதவள அமைச்சு எல்லாவற்றுக்கும் இந்தத் தொகையைத்தான் பார்க்கும்.

2025 ஜனவரி முதல் ஈபிக்குக் குறைந்தபட்சம் 5,600 வெள்ளி வேண்டும், நிதித்துறையில் 6,200. வயது கூடக் கூட இந்த வரம்பும் ஏறும். நாற்பதுகளின் நடுவில் இருப்பவருக்கு 10,700 வரை போகிறது. ஆனால் ஈபி கிடைத்தாலே குடும்பத்தைக் கூட்டிவந்துவிட முடியாது. துணைக்கும் பிள்ளைக்கும் டிபி எனப்படும் டிபென்டன்ட் பாஸ் வாங்க, நிலையான மாதச் சம்பளம் 6,000 வெள்ளி இருக்க வேண்டும். அப்பா, அம்மாவை நீண்டகால அனுமதியில் வைத்துக்கொள்ள 12,000.

இதில் பலர் மாட்டுவது இப்படித்தான்: ஆஃபரில் '5,700 வெள்ளி, ஆண்டுக்கு இரண்டு மாத போனஸ்' என்று இருக்கும். மொத்தமாகப் பார்த்தால் 6,000-ஐத் தாண்டுகிறது. டிபி விண்ணப்பத்தில் அது 5,700 மட்டுமே. போனஸைக் குறைத்து மாதச் சம்பளத்தில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். கம்பெனிக்குப் பெரிதாகக் கூடுதல் செலவில்லை என்பதால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். ஆனால் கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டும்.

கூடவே இன்னும் சில கேள்விகள். வந்திறங்கியதும் இரண்டு முதல் நான்கு வாரம் தங்குமிடம் தருவார்களா? மருத்துவக் காப்பீடு குடும்பத்துக்கும் உண்டா? இடமாற்றப் படி கொடுத்தால், எத்தனை மாதத்துக்குள் வேலையை விட்டால் அதைத் திருப்பிக் கேட்பார்கள்? சம்பளத்தை ஐந்நூறு உயர்த்த மறுக்கிற கம்பெனி மனிதவளத்துறைகூட ஒரு மாதத் தங்குமிடத்துக்குச் சரி என்று சொல்லிவிடும்.

துணையும் வேலைக்குப் போவார் என்ற கணக்கில் வராதீர்கள். 2021 மே முதல், டிபியில் இருப்பவர் வேலை பார்க்க அவருக்கென்று தனி வேலை அனுமதி வேண்டும். கிடைக்காது என்றில்லை. ஆனால் அது கிடைக்கும்வரை ஒரு சம்பளக் குடும்பமாகவே திட்டமிடுங்கள்.

வெளிநாட்டவருக்கு மத்திய சேமநிதிப் பிடித்தம் கிடையாது. இந்திய வம்சாவளி ஈபிக்காரர்களிடம் சிண்டா என்ற இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்தின் நிதிக்கு ஒரு சிறுதொகை பிடிப்பார்கள், அதிகபட்சமே மாதம் 30 வெள்ளிதான். ஆகச் சம்பளம் ஏறக்குறைய முழுசாகக் கைக்கு வரும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். பிஎஃப், கிராஜுவிட்டி எதுவும் பின்னால் சேரவில்லை என்பதையும், வருமான வரி இன்னும் கட்டவில்லை என்பதையும் அந்த எண் சொல்லாது.

2. காகிதங்களை ஊரிலேயே முடித்துவிடுங்கள்

அங்கே ஒரு திருத்தத்துக்கு நீங்கள் நேரில் போய் நின்றால் ஆகிற வேலை, இங்கிருந்துகொண்டு உறவினரை அனுப்பினால் மாதக்கணக்கில் இழுக்கும். அதனால் ஆஃபர் பேச்சு தொடங்கிய அன்றே இவற்றைப் பாருங்கள்.

திருமணச் சான்றிதழ்: சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தது வேண்டும். கோயில் ரசீதும் அழைப்பிதழும் உதவாது. தமிழில் மட்டும் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பு எடுத்துவையுங்கள்.

பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ்: மருத்துவமனையிலிருந்து பதியும்போது பெயர் வைத்திருக்க மாட்டோம். பெயர்க் கட்டம் காலியாகவே இருக்கும் சான்றிதழ் பல வீடுகளில் இன்றும் பீரோவில் கிடக்கிறது. பெயர் சேர்த்துப் புதிதாக வாங்குங்கள். அப்பா, அம்மா இருவர் பெயரும் அதில் இருக்க வேண்டும்.

பெயர்ப் பொருத்தம்: நம் ஊர் இனிஷியல் பிரச்சினை இங்கேதான் பூதாகரமாகும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரித்து எழுதியிருக்கும், திருமணச் சான்றில் 'கே.' என்று இருக்கும், பிள்ளையின் சான்றில் எழுத்துக்கூட்டலே வேறாக இருக்கும். மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். திருத்த முடிந்ததைத் திருத்துங்கள். முடியாததற்கு 'இருவரும் ஒருவரே' என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கிவையுங்கள்.

தடுப்பூசி: வெளிநாட்டில் பிறந்த, 12 வயது வரையுள்ள பிள்ளைக்கு டிபி விண்ணப்பிக்கும் முன், தொண்டை அடைப்பான், தட்டம்மை இரண்டுக்கும் ஊசி போட்டதைச் சிங்கப்பூரின் சுகாதார மேம்பாட்டு வாரியத்திடம் இணையத்தில் காட்டி உறுதிக் கடிதம் பெற வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு இது கடைசி நேரத்தில்தான் தெரியவருகிறது. அட்டையில் தேதி தெளிவாக இல்லாவிட்டால் மருத்துவரிடம் முத்திரையோடு ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

பட்டச் சான்றிதழ்: ஈபிக்குப் பட்டத்தை அமைச்சு ஏற்கும் நிறுவனம் ஒன்றின் மூலம் சரிபார்த்துத் தரச் சொல்லலாம். உங்கள் பல்கலைக்கழகம் பதில் சொல்லும் வேகத்தில்தான் அது நகரும். மதிப்பெண் பட்டியல்கள், புரொவிஷனல், கான்வகேஷன் எல்லாவற்றையும் முன்கூட்டியே ஸ்கேன் செய்து வைத்திருங்கள்.

முதல்கட்ட ஒப்புதல் கடிதம் வந்ததும் பதறிக் கிளம்ப வேண்டாம். சிங்கப்பூர் வந்து பாஸை வாங்கிக்கொள்ள ஆறு மாதம் அவகாசம் உண்டு.

3. கையில் எவ்வளவு கொண்டுவர வேண்டும்

மாதச் செலவைச் சமாளித்துவிடலாம். பலரை மூச்சுத்திணற வைப்பது முதல் மாதத்தில் மொத்தமாகப் போகும் பணம்தான். 3,200 வெள்ளி வாடகைக்கு ஒரு வீவக வீட்டை (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீடு) இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

முன்பணம் இரண்டு மாத வாடகை, 6,400. முதல் மாத வாடகை 3,200. முத்திரைத் தீர்வை 307. உங்களுக்கென்று ஏஜென்ட் வைத்தால் அவருக்கு ஒரு மாத வாடகை வரை, 3,200. மொத்தம் 13,107 வெள்ளி. இதற்கு மேல் மெத்தை, பாத்திரம், மிக்சி, பிள்ளைக்கு மேசை என்று ஆயிரம் வெள்ளி சத்தமில்லாமல் போகும். முதல் சம்பளம் மாதம் முடிந்துதான் வரும்.

ஆக 16,000 வெள்ளி இல்லாமல் குடும்பத்தோடு விமானம் ஏறாதீர்கள் என்பது என் கருத்து. ரூபாயில் அது 11 லட்சத்தைத் தாண்டுகிறது. ஒரே ஆளின் கணக்கிலிருந்து ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் வெளிநாட்டுக்கு அனுப்பினால், மேற்பட்ட தொகைக்கு வங்கி 20 சதவீதத்தை டிசிஎஸ் என்ற முன்வரியாகப் பிடிக்கும். ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம், ஆனால் தேவையான நேரத்தில் அந்தப் பணம் கையில் இருக்காது. கணவன், மனைவி இருவர் கணக்கிலிருந்தும் பிரித்து அனுப்புங்கள். சில கம்பெனிகள் ஒரு மாதச் சம்பளத்தை முன்பணமாகத் தரும். கூச்சப்படாமல் கேளுங்கள்.

ஓராண்டு ஒப்பந்தம் என்றால் முன்பணம் ஒரு மாதமாகவும் ஏஜென்ட் கட்டணம் அரை மாதமாகவும் குறையும். ஆனால் அடுத்த ஆண்டே வாடகை ஏறும் அபாயம் உண்டு.

4. முதல் சில வாரம்

தனியாக முதலில் வந்து, வீடு பிடித்த பிறகு குடும்பத்தை அழைப்பதே நல்லது. 'ஒரு மாதத்துக்கு மட்டும் அறை' என்று வாட்ஸாப் குழுக்களில் விளம்பரம் வரும். வீவக வீட்டில் அறையானாலும் முழு வீடானாலும் குறைந்தது ஆறு மாதத்துக்குத்தான் வாடகைக்கு விடலாம். தனியார் வீடு என்றால் குறைந்தது மூன்று மாதம். அதற்குக் குறைவாக விடுகிறவர் விதியை மீறுகிறார். நாளை சோதனை வந்தால் பெட்டியோடு தெருவில் நிற்பது நீங்கள். குறுகிய காலத்துக்கு ஹோட்டல் அல்லது சர்வீஸ் அபார்ட்மென்ட் மட்டுமே சட்டப்படி சரி.

பாஸ் கைக்கு வந்ததும், அரசின் இணைய அடையாளக் கணக்கான சிங்பாஸ் பதிவு செய்துகொள்ளுங்கள். வங்கிக் கணக்கு, வரி, பள்ளி என்று எதைத் தொட்டாலும் அது கேட்கும். அப்புறம், ஊர் வங்கியில் உள்ள சாதாரண சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிப்பவருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றுவதையும் தள்ளிப்போடாதீர்கள்.

5. வீடு: பணமெல்லாம் இங்கேதான் போகும்

காய்கறியில் இருபது வெள்ளி மிச்சம் பிடிக்கத் லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தைவரை அலைபவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களே வீட்டு ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவார்கள். உங்கள் நேரத்தில் பாதியையாவது இந்தப் படிக்கு ஒதுக்குங்கள்.

அறைக் கணக்கு. இங்கே 'மூவறை வீடு' என்றால் இரண்டு படுக்கையறையும் ஒரு கூடமும். 'நாலறை வீடு' என்றால் மூன்று படுக்கையறை, ஏறக்குறைய 90 சதுர மீட்டர். மூன்று பேர் குடும்பத்துக்கு மூவறை போதும். நாலறை எடுத்து ஓர் அறையை வேறொருவருக்கு உள்வாடகைக்கு விட்டுச் சமாளிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், வீவக வீட்டில் குடியிருப்பவர் உள்வாடகை விடக்கூடாது.

வாடகை. மூவறைக்கு 2,500 முதல் 3,000, நாலறைக்கு 3,000 முதல் 3,700 என்று வட்டாரத்தைப் பொறுத்து மாறும். குவீன்ஸ்டவுன், புக்கிட் மேரா, தோ பாயோ பக்கம் கூடுதல். உட்லண்ட்ஸ், செம்பவாங், சுவா சூ காங், ஜூரோங் வெஸ்ட் பக்கம் குறைவு. வீவக தன் தளத்தில் வட்டாரவாரியாக இடைநிலை வாடகையைக் காலாண்டுதோறும் போடுகிறது. எந்தப் புளோக்கில், அதாவது எந்த அடுக்குமாடிக் கட்டடத்தில், அண்மையில் எவ்வளவுக்குப் போனது என்றுகூடப் பார்க்கலாம். அதைக் கைப்பேசியில் திறந்து வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள். நூறு வெள்ளி குறைந்தால் இரண்டு ஆண்டில் 2,400 வெள்ளி.

ஒதுக்கீடு. வீடு பிடித்துப்போய், பணமும் கொடுத்த பிறகு 'கோட்டா முடிந்துவிட்டது' என்று கேட்பது பெரிய தலைவலி. மலேசியர் அல்லாத வெளிநாட்டவர் முழு வீவக வீட்டை வாடகைக்கு எடுக்க வட்டாரத்தில் 8 சதவீதம், புளோக்கில் 11 சதவீதம் என்று உச்சவரம்பு இருக்கிறது. அஞ்சல் குறியீட்டைப் போட்டு வீவக தளத்தில் முன்பே பார்த்துவிடலாம். பார்த்த பிறகே ஒரு வெள்ளியானாலும் கொடுங்கள். வாடகைக்கு அனுமதி கேட்கும் தேதியில் உங்கள் பாஸ் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்பதும் விதி.

பூட்டிய அறை. 'வீடு முழுக்க உங்களுக்குத்தான், ஓனர் சாமான் வைக்க ஓர் அறை மட்டும் பூட்டியிருக்கும்' என்றால் எச்சரிக்கையாக இருங்கள். முழு வீட்டை வாடகைக்கு விட உரிமை இல்லாதவர்கள், அறை வாடகை என்று பதிந்துவிட்டு ஓர் அறையைப் பூட்டிவைப்பது பழைய தந்திரம். அறை வாடகை என்றால் உரிமையாளர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். குடியுரிமை இல்லாத நிரந்தரவாசி உரிமையாளர் முழு வீட்டை வாடகைக்கு விடவே முடியாது. வீவக அனுமதி உங்கள் பெயரில் வந்திருக்கிறதா என்று இணையத்தில் நீங்களே சரிபார்க்கலாம்.

ஏஜென்ட். ஒவ்வொரு ஏஜென்டுக்கும் 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண் உண்டு. சொத்து முகவர் மன்றத்தின் பொதுப் பதிவேட்டில் அந்த எண்ணையும், அவர் பேசும் கைப்பேசி எண்ணையும் போட்டுப் பாருங்கள். பதிவேட்டில் இருக்கும் எண்ணும் உங்களை அழைத்த எண்ணும் வேறு என்றால் அதோடு பேச்சை நிறுத்துங்கள். வீட்டைக் காட்டும் முன்பே 'புக்கிங் பணம்' கேட்பவர் ஏமாற்றுக்காரர். வீவக வாடகையில் ஏஜென்ட் உங்கள் வாடகைப் பணத்தையோ முன்பணத்தையோ கையில் வாங்கவே கூடாது, நேரே உரிமையாளர் கணக்குக்குத்தான் போக வேண்டும். ஒரே ஏஜென்ட் இரண்டு பக்கமும் கட்டணம் வாங்குவதற்கும் தடை இருக்கிறது. உரிமையாளரின் ஏஜென்ட் உங்களிடமும் கை நீட்டினால் மறுத்துவிடுங்கள்.

சமையல். விளம்பரங்களில் 'லைட் குக்கிங் மட்டும்' என்று பார்ப்பீர்கள். அதன் பொருள் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்கு நூடுல்ஸ் கொதிக்க வைப்பது, இன்னொருவருக்குத் தாளிக்காத சாம்பார். சிலர் இந்தியர் என்றதுமே வீடு போய்விட்டது என்பார்கள். மனம் சங்கடப்படும், ஆனால் அங்கே வாதாடி வீடு கிடைக்கப்போவதில்லை. வீட்டைப் பார்க்கக் கிளம்பும் முன்பே 'நாங்கள் இந்தியக் குடும்பம், தினமும் முழுச் சமையல்' என்று ஏஜென்டிடம் எழுதிக் கேட்டுவிடுங்கள். பாதிப் பயணம் மிச்சமாகும். ஒத்துக்கொண்டால் அதை ஒப்பந்தத்திலும் ஒரு வரி போடச் சொல்லுங்கள்.

ஒப்பந்தம். முதலில் விருப்பக் கடிதம் கொடுத்து ஒரு மாத வாடகையைக் கட்டுவீர்கள். அது பிறகு முன்பணத்திலோ முதல் வாடகையிலோ கழியும், எதில் கழியும் என்று கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். அடுத்து வாடகை ஒப்பந்தம். அதில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டியது 'டிப்ளமேட்டிக் கிளாஸ்' என்ற பகுதி. வேலை போனாலோ வேறு நாட்டுக்கு மாற்றினாலோ, வழக்கமாக 12 மாதம் முடிந்த பிறகு இரண்டு மாத நோட்டீஸில் காலி செய்ய அது வழிவிடும். அது இல்லாத இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவே போடாதீர்கள், வேலை போன பிறகும் மிச்ச மாத வாடகைக்கு நீங்கள்தான் பொறுப்பு. அதை ஒட்டியே, இடையில் காலி செய்தால் உரிமையாளர் தன் ஏஜென்டுக்குக் கொடுத்த கட்டணத்தில் மீதி மாதங்களுக்கான பங்கை நீங்கள் தர வேண்டும் என்றும் ஒரு வரி இருக்கும். அது வழக்கம்தான், தொகையை மட்டும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சில்லறைப் பழுதுகளில் எத்தனை வெள்ளி வரை உங்கள் தலையில் என்று ஓர் எண் இருக்கும். 150 முதல் 300 வரை பார்க்கலாம், குறையக் குறைய நல்லது. ஏசியை மூன்று மாதத்துக்கொருமுறை உங்கள் செலவில் சர்வீஸ் செய்ய வேண்டும். அந்த ரசீதுகளைக் கடைசிவரை பத்திரமாக வைத்திருங்கள். குடிவந்த முதல் 30 நாளுக்குள் சொல்லும் குறைகளை உரிமையாளரே சரிசெய்வார் என்ற வரி இல்லாவிட்டால் சேர்க்கச் சொல்லுங்கள்.

முத்திரைத் தீர்வை. மொத்த வாடகையில் 0.4 சதவீதம். 3,200-ஐ 24 மாதத்தால் பெருக்கினால் 76,800, அதற்கு 307 வெள்ளி. கையெழுத்திட்ட 14 நாளுக்குள் உள்நாட்டு வருவாய் ஆணையத்தில் இணையம் வழி கட்ட வேண்டும், தாமதித்தால் அபராதம். வழக்கமாகக் குடியிருப்பவர்தான் கட்டுவார். முத்திரையிட்ட சான்றிதழ் இல்லாத ஒப்பந்தம் நாளை சச்சரவு வந்தால் சாட்சியத்துக்கு உதவாது.

சாவி வாங்கும் நாள். பொருள் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டை முழுக்க வீடியோ எடுங்கள். சுவரில் உள்ள ஆணித்துளை, குளியலறைத் தரையின் விரிசல், மெத்தையைத் தூக்கி அடியில் உள்ள கறை, சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஊறிப்போன பலகை, ஏசியின் சொட்டுத் தடம் எல்லாம் தெரிய வேண்டும். அன்றே உரிமையாளருக்கு வாட்ஸாப்பில் அனுப்பிவிடுங்கள். தேதியும் நேரமும் தானே பதிவாகிவிடும்.

6. மாதம் எப்படிக் கழியும்

7,000 வெள்ளி சம்பளம், பாலர் பள்ளி வயதில் ஒரு பிள்ளை. வாடகை 3,200. மின்சாரம், தண்ணீர், எரிவாயு 200. மின்சாரம் யூனிட்டுக்கு 30 காசு (சென்ட்) வாக்கில் ஆகிறது, இரவெல்லாம் ஏசி ஓடினால் இந்த எண் நிற்காது. இணையமும் இரண்டு கைப்பேசியும் 80. மளிகை, காய்கறி, பால், மீன் 700. வெளியே சாப்பாடு 250. பேருந்து, ரயில் 200. பாலர் பள்ளி 1,100. வரிக்கு எடுத்துவைப்பது 270. கூட்டினால் 6,000.

மிஞ்சும் ஆயிரத்தில்தான் ஊருக்கு அனுப்புவது, விமானச் சீட்டு, துணி, காய்ச்சல், பிறந்தநாள் எல்லாம். டிபி வரம்பான 6,000-ல் இதே குடும்பம் நடத்தினால் மாதக் கடைசியில் எதுவும் நிற்காது. அந்தத் தொகை, சட்டம் அனுமதிக்கும் எல்லை மட்டுமே. என்னைக் கேட்டால், பிள்ளையோடு வருகிறவர்கள் 7,500-க்குக் கீழே இருந்தால் முதல் ஆண்டு தனியாக வந்து 1,000, 1,200 வெள்ளிக்கு ஓர் அறை எடுத்து, மிச்சம் பிடித்துவிட்டு அழைப்பது நல்லது. கசப்பான யோசனைதான்.

குறைக்க முடிகிற இடங்கள் மூன்றே: வாடகை, பள்ளி, ஏசி. அரிசி, பருப்பு, இட்லி மாவு எல்லாம் எந்த வட்டாரத்திலும் கிடைக்கும், ஈரச்சந்தையில் காலையில் போனால் மீன் மலிவு. மலிவு உணவுக்கடைகள் வரிசையாக உள்ள உணவங்காடியில் ஒருவேளைச் சாப்பாடு 4 முதல் 6 வெள்ளிக்குள் முடியும். உணவகத்தில் அதே வயிறு நிரம்ப 20 ஆகும், விலைப்பட்டியலில் உள்ள தொகைக்கு மேல் 10 சதவீதச் சேவைக் கட்டணமும் 9 சதவீதப் பொருள் சேவை வரியும் சேர்த்து பில் வரும். கார் பற்றி யோசிக்கவே வேண்டாம். பத்தாண்டு வைத்துக்கொள்ளும் உரிமைச் சான்றிதழே ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டி ஏலம் போகிறது.

7. பள்ளி

பாலர் பள்ளிகளில் அரசு தரும் உதவித்தொகை குடிமக்களின் பிள்ளைகளுக்குத்தான். விளம்பரத்தில் இருக்கும் குறைந்த கட்டணத்தைப் பார்த்து மயங்காமல் 'வெளிநாட்டவருக்கு எவ்வளவு' என்று கேளுங்கள்.

அரசுத் தொடக்கப்பள்ளியில் முதல் வகுப்புக்கு வெளிநாட்டுப் பிள்ளைகள் கடைசிக் கட்டத்தில்தான் சேர்க்கப்படுவார்கள். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் போக இடமிருந்தால் உண்டு. மேல்வகுப்புகளுக்கு ஏஈஐஎஸ் என்ற ஆங்கில, கணிதத் தேர்வு எழுத வேண்டும். கல்வியாண்டு ஜனவரியில் தொடங்குவதால், நம் ஊர் ஜூன் கணக்கில் வந்தால் பிள்ளை சில மாதம் வீட்டில் இருக்க நேரும். இந்தியா போன்ற ஆசியான் அல்லாத நாட்டுப் பிள்ளைகளுக்குத் தொடக்கப்பள்ளியிலேயே மாதம் 800 வெள்ளிக்கு மேல் கட்டணம். இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் இடம் எளிதாகக் கிடைக்கும். ஆண்டுக்குப் பத்தாயிரம் வெள்ளிக்கு மேல் ஆகும், பேருந்தும் சீருடையும் தனி. அரசுப் பள்ளியில் தாய்மொழிப் பாடமாகத் தமிழ் படிக்கலாம் என்பது நமக்குப் பெரிய வசதி.

8. வருமான வரி: மாதாமாதம் பிடிக்க மாட்டார்கள்

ஊரில் டிடிஎஸ் பழகியவர்களுக்கு இது புதிது. இங்கே சம்பளத்திலிருந்து வரியைப் பிடிப்பதில்லை. ஆண்டு முடிந்து, மார்ச் 1 முதல் ஏப்ரல் 18-க்குள் இணையத்தில் தாக்கல் செய்த பிறகு மொத்தத் தொகைக்குக் கடிதம் வரும். கையில் வைத்திருக்காதவர் பாடு திண்டாட்டம்தான்.

கணக்கு எளிது. ஆண்டில் 183 நாள் இருந்தால் நீங்கள் வரிவாசி. இரண்டு ஆண்டுகளைத் தொட்டுத் தொடர்ச்சியாக 183 நாள் வேலை பார்த்திருந்தாலும் ஏற்பார்கள். வரி விதிக்கத்தக்க வருமானத்தில் முதல் 20,000-க்கு வரியில்லை, அடுத்த 10,000-க்கு 2 சதவீதம், அதற்கடுத்த 10,000-க்கு 3.5, அடுத்த 40,000-க்கு 7 சதவீதம். 84,000 ஆண்டுச் சம்பளத்தில் உழைப்பு வருமானக் கழிவு 1,000, வருமானமில்லாத துணைக்கு 2,000, ஒரு பிள்ளைக்கு 4,000 போக 77,000. வரி 3,140 வெள்ளி. வட்டியில்லாமல் 12 தவணையில் கட்ட, வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் ஜைரோ வசதி உண்டு, கடிதம் வந்த உடனே போட்டுவிடுங்கள். வரிவாசி இல்லை என்றால் 15 சதவீதம் அல்லது மேலே சொன்ன விகிதம், இரண்டில் எது அதிகமோ அது.

9. உடம்புக்கு வந்தால்

ஈபிக்காரருக்கு மருத்துவக் காப்பீடு எடுத்துத்தர வேண்டும் என்று கம்பெனிக்குக் கட்டாயம் கிடையாது. அரசு மானியமும் உங்களுக்கு இல்லை. கம்பெனி தரும் காப்பீட்டில் குடும்பம் சேரவில்லை என்றால் மருத்துவமனைச் சேர்க்கைக்காவது தனியாக எடுங்கள். பிரசவம் பெரும்பாலான திட்டங்களில் அடங்காது. குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் அந்தத் தொகையைத் தனியே சேமிக்கத் தொடங்குங்கள். பல் வைத்தியம் எல்லாம் ஊருக்குப் போகும்போது.

10. வேலை போனாலோ, கிளம்பினாலோ

ஈபி உங்கள் கம்பெனியோடு கட்டுப்பட்டது. அது ரத்தானால் வழக்கமாக 30 நாள் தங்க அனுமதி கிடைக்கும், குடும்பத்தின் டிபியும் கூடவே போய்விடும். அந்த நேரம் பார்த்து இன்னொன்றும் நடக்கும்: நீங்கள் வேலையை விடுகிறீர்கள் என்று தெரிந்ததும் கம்பெனி ஐஆர்21 படிவத்தை வரி ஆணையத்துக்கு அனுப்பி, உங்களுக்குத் தர வேண்டிய கடைசிச் சம்பளத்தை நிறுத்திவைக்க வேண்டும். வரிக் கணக்கு தீர்ந்த பிறகே மீதி கைக்கு வரும். ஜைரோ தவணை பாக்கி இருந்தாலும் மொத்தமாகக் கழித்துக்கொள்வார்கள். வேலையும் இல்லை, கடைசிச் சம்பளமும் இல்லை, வீட்டுக்கு இரண்டு மாத நோட்டீஸ் வேறு. மூன்று மாத வாடகை அளவுக்குத் தொடாத பணம் ஒரு கணக்கில் இருக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். அது சேரும்வரை ஊரில் புதுக் கடன் எதுவும் வாங்காதீர்கள்.

காலி செய்யும்போது நோட்டீஸை எழுத்தில் கொடுங்கள். திரைச்சீலையை உலர்சலவைக்குக் கொடுத்த ரசீது, ஏசி ரசீதுகள், முதல் நாள் வீடியோ எல்லாவற்றையும் எடுத்துவைத்துக்கொண்டு சாவியை நேரில் ஒப்படையுங்கள். உரிமையாளர் முன்பணத்தில் கைவைத்தால் எதற்கு எவ்வளவு என்று பில்லோடு கேளுங்கள். ஆணித்துளைக்கு வீடு முழுக்க வண்ணமடிக்கும் செலவைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பேசித் தீராவிட்டால், இரண்டு ஆண்டுக்கு மேற்படாத குடியிருப்பு ஒப்பந்தங்களுக்குச் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை, 5,000 வரையான கோரிக்கைக்குத் தனிநபர் கட்டணம் 10 வெள்ளிதான். ஆனால் விசாரணைக்கு நீங்கள் வர வேண்டியிருக்கும் என்பதால், விமானச் சீட்டின் தேதியை முன்பணம் கைக்கு வந்த பிறகு முடிவு செய்யுங்கள்.